பூட்லெக்கும் பைரசியும் ஒன்றா? கையில் பழைய கேசட் கட்டு வந்தால் என்ன செய்வது?

4 ஜனவரி, காலை (கேள்வி)

கடையில விக்கிற ஆல்பத்தை காப்பி அடிச்சு விக்கிறதும், கச்சேரியில யாரோ மறைச்சு வச்சு ரெக்கார்ட் பண்றதும் ஒரே திருட்டுதானே? எதுக்கு பூட்லெக்னு தனியா பிரிச்சு, அதுக்கு ஏதோ மதிப்பு இருக்கற மாதிரி பேசறாங்க? கேக்கக் காரணம், என் கைக்கு ஒரு பெட்டி கேசட் வந்திருக்கு. எல்லாம் 1970கள்ல நடந்த அமெரிக்க ராக் கச்சேரிகள். வச்சுக்கறதா, தூக்கிப் போடறதா?

4 ஜனவரி, இரவு

தூக்கிப் போடாதீர்கள். முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துவிடுவோம், இந்த இழையில் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

வெளியான ஆல்பத்தைப் பிரதி எடுத்து, வேறு அட்டையிலோ அட்டையே இல்லாமலோ விற்றால் அது பைரசி. திருட்டு விசிடி இந்த வகை. அதே ஆல்பத்தை லேபிள், அட்டை, லோகோ எல்லாம் அச்சு அசலாக வைத்து, ஒரிஜினல் என்று நம்பவைத்து விற்றால் அது போலி. யாருமே வெளியிடாத ஒரு பதிவு, அதாவது கச்சேரி, ஒத்திகை, ஸ்டூடியோவில் ஒதுக்கிய டேக், வானொலி ஒலிபரப்பு, இதை அனுமதியில்லாமல் வெளியே விட்டால் அது பூட்லெக்.

முதல் இரண்டில் வாங்குபவருக்குக் கிடைப்பது கடையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு. மூன்றாவதில் கிடைப்பது வேறெங்கும் இல்லாத ஒன்று. மதிப்பு என்று சிலர் சொல்வது இதைத்தான். அதனால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. பாடியவரைக் கேட்காமல் அவர் பாட்டை விற்றுக் காசு பார்ப்பது மூன்றிலும் தப்புதான். ஆனால் பதிவு செய்வது வேறு, விற்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் உங்கள் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

5 ஜனவரி

சட்டம் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே பல ஆண்டுகள் ஆனது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு மத்திய அரசின் காப்புரிமைப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதுவும் பதிவாகிய ஒலிக்கு. மேடையில் வாசித்ததை அனுமதியில்லாமல் பதிவு செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994 டிசம்பரில் வந்தது. இடையில் 1985-இல் டௌலிங் வழக்கு. எல்விஸ் பிரெஸ்லியின் வெளிவராத பதிவுகளை எல்பி இசைத்தட்டாகப் போட்டு மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவர் மேல், திருட்டுப் பொருளைக் கடத்தினார் என்ற சட்டப்பிரிவையும் போட்டிருந்தார்கள். காப்புரிமை மீறல் வேறு, திருடிய பொருளைக் கடத்துவது வேறு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் தள்ளியது.

ஐரோப்பாவில் 1993 அக்டோபர் முக்கியம். பிரிட்டிஷ் பாடகர் ஃபில் காலின்ஸ் 1983-இல் கலிஃபோர்னியாவில் நடத்திய கச்சேரியை ஒருவர் சிடியாக ஜெர்மனியில் விற்றார். ஜெர்மன் குடிமகனின் கச்சேரி உலகில் எங்கே நடந்தாலும் அங்கே பாதுகாப்பு உண்டு, பிரிட்டிஷ்காரருக்கு இல்லை. இந்தப் பாகுபாடு செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கச்சேரி சிடிகள் கொட்டிக்கிடந்ததற்கு இப்படிப்பட்ட ஓட்டைகள்தான் காரணம். பெட்டியில் வெள்ளி சிடி (தொழிற்சாலையில் அச்சடித்தது) ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்காக இருக்கும்.

5 ஜனவரி, சற்று நேரம் கழித்து

விற்பனைக்கு வந்த ராக் பூட்லெக்குகளில் முதலில் பெயர் வாங்கியது 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் வந்த பாப் டிலனின் இரட்டை எல்பி. வெறும் வெள்ளை அட்டை. ஆனால் வழக்கம் அதைவிட மிகப் பழையது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் நூலகர் லயனல் மேப்பிள்சன் 1901 முதல் 1903 வரை அரங்கத்திலேயே கருவியை வைத்து மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஓர் உருளைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். இரைச்சலுக்குள் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். ஆனாலும் அந்த மேடையில் அந்த ஆண்டுகளில் பாடியவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. ஜாஸில் டீன் பெனடெட்டி என்ற ரசிகர். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தனி வாசிப்பு தொடங்கும்போது பதிவுக் கருவியை ஓடவிட்டு, மற்றவர்கள் வாசிக்கும்போது நிறுத்திவிடுவார். தட்டும் டேப்பும் மிச்சமாக வேண்டுமே. 1947, 48-இல் எடுத்தவை 1990-இல் முறையாக வெளிவந்தன.

சோவியத் யூனியனில் நடந்தது இன்னொரு வகை. லெனின்கிராடில் மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமாகக் கத்தரித்து, நடுவில் சிகரெட்டால் துளையிட்டு, அதிலேயே பாட்டை வெட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும், நிமிடத்துக்கு 78 சுழற்சி, ஒரு பாட்டு. பள்ளம் ஆழமில்லாததால் சில முறை போட்டாலே தேய்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பு தெரியும். நான் மேலே போட்ட மூன்று பிரிவில் இது பைரசி பக்கம்தான் விழும். ஆனால் அந்த ஊரில் அந்தப் பாட்டு கடையில் கிடைக்காது என்பதால் அதைத் திருட்டு விசிடியோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிவுகள் உதவும், அவற்றோடு எல்லாம் முடிந்துவிடாது.

8 ஜனவரி

கேள்வி கேட்டவர் பெட்டியின் படம் அனுப்பியிருக்கிறார். பெரும்பாலும் சி-90 (90 நிமிட கேசட்), சில சி-120. அட்டையில் ஊர், தேதி, சிலவற்றில் இரண்டாவது ஜெனரேஷன் (பிரதியின் பிரதி) என்ற குறிப்பு. இனி வேலை.

எதையும் உடனே ப்ளே செய்ய வேண்டாம். பல ஆண்டு சும்மா கிடந்த டேப் ஒழுங்கில்லாமல் சுற்றிக் கிடக்கும். கேசட்டைப் பார்த்து, அழுத்தும் பஞ்சுத்துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப்பைப் படிக்கும் தலைக்கு எதிரே செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கட்டை அது. அது போயிருந்தால் பல டெக்குகளில் (கேசட் ஓட்டும் கருவிகளில்) உயர் ஒலி வந்து வந்து மறையும். பஞ்சுத்துண்டு விழுந்த கூட்டை விட்டு, திருகு போட்ட புதுக் கூட்டுக்கு டேப்பை மாற்றுவதே நல்லது. பிறகு ஒரு முறை முழுதாக முன்னே ஓட்டி, முழுதாகப் பின்னே சுற்றுங்கள். சி-120 மிக மெல்லியது, சி-90-இன் தடிமனில் முக்கால்தான் வரும். வேகமாகச் சுற்றினால் இழுபடும், சிக்கும். அதை ப்ளேயிலேயே ஒரு பக்கம் ஓடவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

டெக்கின் தலை, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு இரண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும். பழைய டேப் கொட்டும் பழுப்புத் தூள் அடுத்த டேப்பின் ஒலியைக் கெடுக்கும்.

இப்போது அஸிமத், அதாவது டேப்புக்குத் தலை நிற்கும் கோணம். பலர் தாண்டிப்போகும் இடம், அதிகம் இழப்பதும் இங்கேதான். பதிவு செய்த டெக்கின் தலையும் உங்கள் டெக்கின் தலையும் ஒரே கோணத்தில் இருக்காது. ஒரு பாகையில் சிறு பின்னம் சாய்ந்தாலே சிம்பல், கைதட்டலின் கூர்மை மங்கிவிடும். ஒலியை மோனோவில் கேட்டபடி, தலைக்குப் பக்கத்தில் இருக்கும் திருகைக் காந்தமில்லாத சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. கூட்டத்தின் கைதட்டல் போர்வைக்குள்ளிருந்து வெளியே வரும் இடம் ஒன்று இருக்கும், அங்கே நிறுத்துங்கள். பக்கம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டு டிஜிட்டல் ஆக்கிய பிறகு ஈக்வலைசரில் ட்ரெபிளை (உயர் ஒலியை) ஏற்றினால் டேப்பின் உஸ்ஸென்ற ஹிஸ்தான் ஏறும்.

டால்பி என்ற இரைச்சல் குறைப்பு அடுத்தது, அஸிமத்துக்கு முன்னால் கூடாது. உயர் ஒலி குறைந்த நிலையில் டால்பி சர்க்யூட்டுக்குப் போனால், அது சத்தம் குறைவு என்று நினைத்து இன்னும் குறைக்கும். அட்டையில் டால்பி கட்டத்தில் டிக் இருக்கிறதா என்பதை முழுதாக நம்ப வேண்டாம். போட்டும் போடாமலும் கேளுங்கள். போட்டால் ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கினால் அந்த டேப்புக்கு டால்பி இல்லை, அல்லது அளவு பொருந்தவில்லை. சந்தேகம் இருந்தால் டால்பி இல்லாமல் ஒரு பிரதி கட்டாயம் எடுத்துவையுங்கள்.

டிஜிட்டல் ஆக்கும்போது 24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் −6 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். இரண்டு சேனல், 24 பிட், 48 என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வரும். ஹிஸ் நீக்கும் மென்பொருளை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். முதல் கோப்பு டேப்பில் இருப்பது இருப்பதுபோலவே இருக்கட்டும்.

9 ஜனவரி

இரண்டாவது ஜெனரேஷன் என்றால் எவ்வளவு மோசம் என்று ஒருவர் கேட்டார். ஒரே தரமுள்ள டெக்குகளில் எடுத்ததாக வைத்துக்கொண்டால், மாஸ்டரிலிருந்து, அதாவது அரங்கில் எடுத்த டேப்பிலிருந்து, முதல் பிரதிக்கு இரைச்சல் சுமார் 3 டெசிபெல் ஏறும். மூன்றாவது பிரதியில் 6, ஒன்பதாவதில் 10. கணக்கில் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் இரைச்சலோடு ஒவ்வொரு டெக்கின் வேகத் தள்ளாட்டமும் அஸிமத் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். காதுக்கு முதலில் தெரிவது அந்த இரண்டும்தான்.

அட்டையில் எழுதிய எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பதற்காக எண்ணைக் குறைத்து எழுதுவது சாதாரணம்.

13 ஜனவரி

> ஒரு டேப்புல பாட்டு எல்லாமே கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி இருக்கு. ஆல்பத்தோட சுருதிக்கு வச்சு இழுத்துடலாமா?

ஆல்பத்தை வைத்து இழுக்காதீர்கள். மேடையில் கிடாரை அரைச் சுருதி இறக்கிக் கட்டுகிறவர்கள் நிறைய. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படித்தான். ஆல்பத்துக்குச் சேர்த்தால் சரியாக இருந்ததைக் கெடுத்துவிடுவீர்கள்.

மின்சார ஹம்மைப் பிடியுங்கள், அந்த ஊர் மின்சாரத்தின் அதிர்வெண்ணில் கருவிகள் விடும் மெல்லிய ரீங்காரம் அது. அமெரிக்க அரங்கம் என்பதால் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பா என்றால் 50. கிடார் ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து அந்த ஹம் டேப்பில் ஏறியிருக்கும். பாட்டுக்கு நடுவே அமைதியான இடத்தை எடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 60-ஐவிட அதன் மூன்று மடங்கான 180 நல்லது, அங்கே விலகல் பெரிதாகத் தெரியும். 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் எஃப்எஃப்டி அளவு (ஸ்பெக்ட்ரம் கணக்கிட எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை) 65,536 வைத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவாகப் பிரித்துப் பார்க்கலாம். கோடு 185.4-இல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகம், ஏறக்குறைய கால் தொனி. அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் தாளமும் சேர்ந்தே இடத்துக்கு வரும். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைப் பயன்படுத்தக் கூடாது.

13 ஜனவரி, இரவு

ஹம் பற்றிச் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரதி எடுத்த டெக்கும் தன் ஹம்மைப் போட்டிருக்கும். இரண்டாவது ஜெனரேஷன் டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கோடுகள் தெரியலாம். எது அரங்கத்தினுடையது? டேப் மிச்சப்படுத்த டேப்பர், அதாவது கச்சேரியைப் பதிவு செய்தவர், டேப்பை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அழுத்திய இடங்களைத் தேடுங்கள். அங்கே அறுந்து மறுபடி தொடங்கும் கோடு முதல் பதிவினுடையது. அறுபடாமல் ஓடுவது பின்னால் வந்த டெக்கினுடையது.

பாட்டரியில் ஓடிய ரெக்கார்டரில் இன்னொன்று நடக்கும். பாட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும், டேப் மெதுவாக ஓடி அதில் ஒலி நெருக்கிப் பதியும். சரியான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது கச்சேரி முடிவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒரே எண் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஹம்மை அளந்து, வளைவாகத் திருத்த வேண்டும். பொறுமை தேவை, ஆனால் முடித்த பிறகு குரல் மனிதக் குரலாக ஒலிக்கும்போது பட்ட பாடெல்லாம் தகும்.

17 ஜனவரி

இழை கொஞ்சம் வேறு பக்கம் போயிருக்கிறது, கள்ளச்சாராயத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று. அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை. பூட்லெக் என்ற சொல் கள்ளச்சாராயத்தைக் குறித்தது, இசைக்கு இந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. அதோடு உறவு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சாராயத்தில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சியது அல்ல, கலந்தது. தானியத்தைப் புளிக்கவைத்தால் மெத்தனால் மிகக் கொஞ்சமே உண்டாகும். குடிக்கக் கூடாதென்று மெத்தனால் சேர்த்து விற்ற தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருப்பி, சரியாகப் பிரிக்காமல் புட்டியில் ஊற்றி விற்றார்கள். குடித்தவர்கள் கண் பார்வை இழந்தார்கள், செத்தார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதுதான் ஆபத்தின் வேர். பூட்லெக்கில் யாரும் சாவதில்லை, ஆனால் மறைக்கும் பழக்கம் அதேதான். அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

18 ஜனவரி

விற்பவர்கள் செய்யும் வேலைகள்.

ஒரே கச்சேரியை மூன்று பெயரில், மூன்று அட்டையில் போடுவார்கள். தேதியையும் ஊரையும் மாற்றுவார்கள். பாட்டு வரிசை, நடுவில் பாடகர் பேசுவது, டேப் பக்கம் திரும்பும் இடத்தில் பாட்டு அறுபடுவது, இவை மூன்றையும் ஒப்பிட்டால் உண்மை வந்துவிடும். சி-90-இல் 45 நிமிடத்துக்கு ஒரு வெட்டு கட்டாயம். அது இல்லையென்றால் வேறொரு டேப்பை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவது தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

மோனோவை ஸ்டீரியோ என்று விற்பார்கள். ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். அமைதியாகிவிட்டால் மோனோ. ஒரு சேனலைச் சில மில்லிசெகண்டு தள்ளியிருந்தால் அமைதியாகாது, குழாய்க்குள் பேசுவது போலக் கேட்கும். அதுவும் போலி ஸ்டீரியோதான்.

சிடியைப் பொறுத்தவரை அடிப்பக்கம் பச்சை, நீலம் கலந்த சாயம் தெரிந்தால் எரித்த சிடி-ஆர். வெள்ளியாக இருந்தால் அச்சடித்தது. அச்சடித்தவற்றில் உள் வளையத்தில் 1994 முதல் ஐஎஃப்பிஐ (ஒலிப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு) என்ற எழுத்தோடு தொழிற்சாலைக் குறியீடு போடும் வழக்கம் வந்தது. குறியீடு சுரண்டப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். குறியீடே இல்லாததை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம், பழைய அச்சு என்றாலும் இருக்காது.

20 ஜனவரி

> நெட்ல கிடைச்ச ஃப்ளாக் கோப்பு (தரம் குறையாம சுருக்கினது) 16 கிலோஹெர்ட்ஸ்ல அறுத்துவிட்ட மாதிரி நிக்குது. எம்பி3ல இருந்து மாத்தினதுதானே?

இருக்கலாம். 128 கிலோபிட் எம்பி3 அந்தப் பக்கம்தான் அறும். ஆனால் எஃப்எம் ஒலிபரப்பு 15-இல் நிற்கும், 19-இல் ஸ்டீரியோவுக்காக அனுப்பும் பைலட் டோன் ஒரு மெல்லிய கோடாகத் தெரியலாம். டாட் (டிஜிட்டல் டேப்) ரெக்கார்டரை நீண்ட நேர முறையில், 32 கிலோஹெர்ட்ஸில் ஓட்டியிருந்தாலும் 16-க்கு மேல் ஒன்றும் இருக்காது. எம்பி3 என்றால் வெட்டு மட்டுமல்ல, உயர் ஒலிப் பகுதியில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் தெரியும், சத்தம் குறையும் இடங்களில் இன்னும் அதிகமாக. அதைப் பாருங்கள். முதல் பதிவு எந்தக் கருவியில் என்ற குறிப்பு இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

அதே கோப்பில் பாட்டுக்குப் பாட்டு நடுவில் 'டிக்' சத்தம் இருக்கிறது என்றீர்கள். சிடி ஒரு செகண்டை 75 பகுதியாகப் பிரிக்கிறது, ஒரு பகுதிக்கு 588 சாம்பிள். பாட்டை அந்த எல்லையில் வெட்டாவிட்டால் சிடி எரிக்கும்போது மிச்சத்தை வெறுமையால் நிரப்புவார்கள், அதுதான் டிக். 588-இன் மடங்கில் வெட்டுங்கள். இரண்டு செகண்டு இடைவெளி விழுந்தால் அது வேறு, தடம் தடமாக எரித்ததன் விளைவு.

24 ஜனவரி

சவுண்ட்போர்டு டேப்பும் (ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது) அதே கச்சேரியின் ஆடியன்ஸ் டேப்பும் (கூட்டத்திலிருந்து மைக்கில் எடுத்தது) பெட்டியில் இருப்பதாகக் கேள்வி கேட்டவர் சொன்னார். நல்ல அதிர்ஷ்டம். சவுண்ட்போர்டில் குரல் முன்னால் நிற்கும், ஆனால் சின்ன அரங்கில் கிடார் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரே அரங்கை நிரப்புவதால் மிக்ஸரில் அதை ஏற்றவே மாட்டார்கள். ஆடியன்ஸ் டேப்பில் கிடாரும் கூட்டமும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மேட்ரிக்ஸ்.

சேர்க்கும்போது ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். டேப்பர் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றிருந்தால் 87 மில்லிசெகண்டு தாமதம். ஸ்னேர் டிரம்மின் ஓர் அடியை இரண்டிலும் பிடித்து நகர்த்துங்கள். நகர்த்தியதோடு முடியாது, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடியிருக்கும். டிஜிட்டல் ரெக்கார்டர் இரண்டுக்கு நடுவிலேயே பத்து லட்சத்தில் 20 வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்டு விலகிவிடும். கேசட்டில் அது பல மடங்கு. இரண்டையும் தனித்தனியே ஹம் வைத்துத் திருத்திவிட்டு, பாட்டுக்கு ஒரு தடவை பொருத்துங்கள்.

2 பிப்ரவரி

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறார்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் ஓர் எழுத்துக் கோப்பு. இப்படி: பதிவு செய்த மைக் (தெரிந்தால்), ரெக்கார்டர், கேசட் வகை, எத்தனையாவது ஜெனரேஷன் என்று அட்டை சொல்கிறது, நீங்கள் போட்ட டெக், அஸிமத் திருத்தியதா, டால்பி உண்டா, எந்தக் கருவியில் டிஜிட்டல் ஆக்கியது, பிட், கிலோஹெர்ட்ஸ், வேகத் திருத்தம் எத்தனை சதவீதம், எந்த நிமிடத்தில் ஒட்டு, எந்தப் பாட்டு பாதியில் அறுகிறது. கோப்புகளின் எம்டி5 எண்களையும் (கோப்பின் கைரேகை போன்றவை) கூடவே வையுங்கள், யாராவது தொட்டிருந்தால் தெரிந்துவிடும். டேப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல டெக்கில் எடுக்க ஒருவர் வரலாம்.

பகிர்வதற்கு முன் அந்தக் குழுவின் நிலைப்பாட்டைப் பாருங்கள். அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரிலிருந்து டேப்பர்களுக்கென்றே மிக்ஸருக்குப் பின்னால் தனி இருக்கை ஒதுக்கியது. காசு வாங்காமல் மாற்றிக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பா நேர் எதிர். பூட்லெக்காரர்கள் மேல் கடும் கோபம். 1991-இல் அவர்கள் போட்ட தட்டுகளையே எடுத்து, அப்படியே பிரதி செய்து, தானே முறையாக வெளியிட்டார். இருவர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது. யார் பாட்டோ, தீர்மானமும் அவர்களுடையது. வேண்டாம் என்று சொல்லும் கலைஞரின் டேப்பை நெட்டில் ஏற்றாதீர்கள். அவர் தரப்புக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். மாஸ்டர் தொலைந்துபோய், ரசிகர் டேப்பைத் தேடும் நிலையில் அவர்களே இருக்கலாம்.

எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். விலை வந்தவுடன் ஜெனரேஷன் எண் குறையும், தேதி மாறும், ஒட்டு மறையும். யாரோ ஒருவர் கை வலிக்க மைக்கைப் பிடித்து நின்று எடுத்த டேப் கடைசியில் யாரும் நம்ப முடியாத சரக்காகிவிடும்.

3 பிப்ரவரி

ஒரு சேர்க்கை. பெட்டியின் அடியில் இரண்டு ரீல் டேப் இருப்பதாக இன்றுதான் எழுதியிருக்கிறார். ஓட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுருளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அசிடேட், அதைச் சூடுபடுத்தவே கூடாது. தெரியாவிட்டால் பாலியெஸ்டர். 1970, 80களின் சில வகைகளில் பசை ஈரத்தை இழுத்துத் தலையில் ஒட்டும், கீச்சென்று கத்தும். அதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை எடுத்த பிறகே ஓட்ட வேண்டும். சமையலறை அவனில் சூடு நிலையாக நிற்காது, அங்கே செய்யாதீர்கள். ரீலின் பெட்டியில் டேப் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த வகை என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.